கடையும் ஊரும்: குமரி மாவட்டத்துச் சிறுதொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வருகிறவர்கள் ரசீதுக் கட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா போவதில்லை. ஒரு சாயா வரும், கூடவே ஒரு கேள்வியும் வரும். பல வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் சட்டம் சொல்வதும் இருக்கும், என் அபிப்பிராயமும் இருக்கும். எது எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

நான் சிப்ஸ் போட்டு விற்கிறேன். ஊர் வளர்ச்சிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அது பஞ்சாயத்து பார்க்க வேண்டிய வேலைதானே?

இதைக் கேட்டவரின் கடைக்கே ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஆட்டோவில் ஏத்தங்குலைகள் (நேந்திரன் வாழைக்குலைகள்) வந்து இறங்கின. சந்தையில் எடுத்தவை. விளைவித்தவர் திருவட்டார் பக்கத்து விவசாயி. உள்ளே நாலு பெண்கள் காயைத் தோலுரித்து மஞ்சள் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். உருளியில் காய்ந்துகொண்டிருந்த தேங்காய் எண்ணெய் அடுத்த தெரு மில்லில் ஆட்டியது. அடுப்பில் எரிந்தது பால் வற்றி வெட்டிப்போட்ட ரப்பர் மரம். சீவல் பாதி வெந்ததும், அடுப்பில் நிற்கிற அண்ணன் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை எண்ணெயிலேயே விட்டார். சடசடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அடங்கியதும் கோரி எடுத்தார். கடிகாரம் பார்க்கவில்லை, காதுதான் கணக்கு. தோலைப் பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுக்கு அள்ளிக்கொண்டு போனார்.

எண்ணிப் பாருங்கள். விவசாயி, ஆட்டோக்காரர், எண்ணெய் மில், விறகுக் கடை, நாலு பெண்கள், அடுப்பு அண்ணன். எல்லோரும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். அவர்கள் வாங்கிய காசு மறுநாள் இதே சாலையில் மீனாகவும் மருந்தாகவும் டியூஷன் பீஸாகவும் கைமாறும். வெளியூர் கம்பெனி பாக்கெட்டை வாங்கி அதே கடையில் விற்றால் ஊரில் தங்குவது கடைக்காரரின் கமிஷன் மட்டும். உங்களுக்கும் ஊர் வளர்ச்சிக்கும் உள்ள சம்பந்தம் அந்த உருளிதான்.

சிறுதொழில், நடுத்தரத் தொழில் என்றால் எவ்வளவு பெரியது?

2025 ஏப்ரல் 1 முதல் இருக்கும் வரையறை இது. இயந்திரத்திலும் தளவாடத்திலும் போட்ட முதலீடு 2.5 கோடிக்குள், ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள் என்றால் குறுந்தொழில். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறுதொழில். முதலீடு 125 கோடி, விற்றுமுதல் 500 கோடி வரை நடுத்தரம். இரண்டு அளவுக்குள்ளும் அடங்க வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால், நம் ஊரில் 'பெரிய முதலாளி' என்று நாம் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறவர்களில் பலர் அரசாங்கத்துக்குக் குறுந்தொழில்காரர்கள்தான்.

இங்கே பெரிய தொழிற்சாலையே இல்லையே. பிறகு என்ன தொழில் மாவட்டம்?

பெரிய ஆலைக்கு இங்கே இடம் ஏது? 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டரில் 1,100 பேருக்கு மேல் இருக்கிறோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் குளமும் ஏலாவும் (வயல்வெளி) விளையும் (தோப்பு). இருக்கிற நிலமும் அஞ்சு சென்ட், பத்து சென்ட் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதனால் தொழிலும் வீட்டை ஒட்டிய தொழிலாகவே வளர்ந்தது.

ஆனால் சின்னது என்பதற்காக லேசானது என்று நினைக்க வேண்டாம். தோவாளையில் விடிவதற்கு முன்பே பூச்சந்தை கூடிவிடும். ஓணம் நெருங்கினால் கேரளத்து வியாபாரிகள் வந்து விலையை எங்கோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதே தோவாளையில் அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, பதித்த கல் மாதிரி கட்டுகிற மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடசேரியில் செய்கிற கோயில் நகைக்கும், ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், மலையோரத்துக் கிராம்புக்கும், மட்டிப்பழத்துக்கும் அந்தக் குறியீடு உண்டு. இவற்றில் ஒன்றுகூடப் பெரிய ஆலைப் பொருள் கிடையாது. மயிலாடியில் கல் கொத்துகிற சத்தம், கோட்டாறு கம்போளச் சந்தையில் மூட்டை இறங்குகிற சத்தம், குளச்சலில் மீன் ஏலம், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூடு என்று பஸ்ஸில் ஒரு சுற்று போய் வந்தால் தெரிந்துவிடும்.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதால் மாலை கட்டுகிறவரின் கூலி கூடிவிடாது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கவும், போலியைத் தடுக்கவும் கட்டுகிறவர்களே சேர்ந்து நிற்க வேண்டும். அதுவரை அந்தப் பெயரால் லாபம் பார்ப்பது இடைத்தரகர்தான்.

சின்னத் தொழில் ஒரு ஊரையே மாற்றியதாக இங்கே ஏதாவது உதாரணம் உண்டா?

இரண்டு சொல்கிறேன். ஒன்று ரொம்பப் பழசு. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது இது திருவிதாங்கூர். அடிமை முறை சட்டப்படி இருந்த காலம். அது ஒழிந்தது 1855-இல்தான். லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இருந்திருக்கிறார்கள். நூலும் ஊசியும் வைத்துச் செய்த வேலை. முதலீடு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'தொழிலால் முன்னேற்றம்' என்று யாராவது மேடையில் முழங்கும்போது எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இரண்டாவது எங்கள் மார்த்தாண்டம் கதை. 1920-களில் ஒய்எம்சிஏ சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே கிராமச் சீரமைப்பு மையம் தொடங்கினார். கோழி, தேனீ என்று வீட்டுக் கொல்லையிலேயே செய்யக்கூடிய தொழில்களைக் காட்டிக் கொடுத்தார்கள். விளைந்ததைச் சேர்ந்து விற்கக் கூட்டுறவும் வந்தது. 'மார்த்தாண்டம் பெட்டி' என்று ஒரு தேன் பெட்டிக்கே பெயர் வந்துவிட்டது.

இதில் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த சூட்சுமம் ஒன்று இருக்கிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும் தை, மாசியில், இலைக்காம்பில் தேன் சுரக்கும். பூவில் அல்ல, காம்பில். அந்த நேரம் பார்த்துப் பெட்டிகளை லாரியில் ஏற்றித் தோட்டத்துக்குள் கொண்டு வைப்பார்கள். தோட்டக்காரருக்கு ஒரு செலவும் இல்லை, தேன்காரருக்குச் சொந்த நிலமே தேவையில்லை. நிலமில்லாதவன் பண்ணக்கூடிய விவசாயம் இது.

1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைத் தாக்கும் நோய் ஒன்று தென்னிந்தியா முழுக்கப் பரவியது. பெட்டி பெட்டியாகக் காலியானது. பெட்டி வைத்திருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். நோய்க்குத் தாக்குப்பிடித்த கூடுகளைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கி, தொழில் மறுபடியும் தலையெடுக்க வருஷங்கள் ஆயின. திரும்ப வந்ததற்குக் காரணம் பெட்டி செய்யும் தச்சர், அடை பிழியத் தெரிந்தவர், தேன் வாங்கும் சங்கம் என்று எல்லோரும் பக்கத்திலேயே இருந்ததுதான். ஒரே ஒரு பெரிய தேன் கம்பெனி இருந்து அது மூடியிருந்தால் கதையே வேறு.

அண்டி ஆபீஸில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்களே, அதை வளர்ச்சி என்று சொல்லலாமா?

வெளியூர்க்காரர்களுக்காக: அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை. பெயரில்தான் ஆபீஸ். விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் ஊருக்கு ஊர் இருக்கும். கேரளத்தில் கூலி கூடியபோது கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லை தாண்டி இங்கே வந்து போட்டவையும் அதில் அடக்கம். கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது.

வேலை எப்படி என்றால், வறுத்த கொட்டையை உடைக்க வேண்டும். தோட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் பொத்துவிடும், தோல் கறுத்து உரியும். அதற்காகச் சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ பூசிக்கொள்வார்கள். அப்புறம் பருப்பின் மெல்லிய தோலை உரிப்பது. கடைசியில் தரம் பிரிப்பது. 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 240 பருப்புக்குள் நிற்கும் பெரிய ரகம், 320 அதைவிடச் சின்னது. முழுசாக வந்தால் ஒரு விலை, உடைந்தால் வேறு விலை. கூலியோ பெரும்பாலும் எடைக்கு.

என் பதில்: ஆமாம், வளர்ச்சிதான், ஆனால் பாதி வளர்ச்சி. இந்தக் கூலியில் பிள்ளைகளை நர்ஸாகவும் இன்ஜினியராகவும் ஆக்கிய பெண்களை எனக்குத் தெரியும். ஒரு பாட்டியம்மா என்னிடம் கையை விரித்துக் காட்டி, "மக்களே, இந்தக் கைக்கு ரேகை கெடையாது. ஆதார் மெஷின் எடுக்காது. ஆனா மூணு பிள்ளைகளையும் படிக்க வெச்சாச்சு" என்றார். மற்ற பாதி அந்த ரேகைதான். பத்துப் பேர் இருந்தாலே இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), இருபது பேர் என்றால் பிஎஃப் (சேமநிதி) என்று சட்டம் சொல்கிறது. பதிவேட்டில் ஒன்பது பேரும் கூடத்தில் முப்பது பேரும் இருக்கும் கணக்கை எழுதச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. எழுதியதில்லை. அந்த வாடிக்கைக்காரர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

ஜவுளிக் கடையில் வேலைக்கு நிற்கிற பெண்களுக்கு நாற்காலி கட்டாயமா?

கட்டாயம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. வேலை செய்பவர் எல்லோருக்கும் உட்கார வசதி தர வேண்டும். ஒரு ஸ்டூலின் விலை எவ்வளவு, சொல்லுங்கள். 'உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதை இல்லை' என்று இன்னமும் சொல்கிறவர்கள் கல்லாவில் நின்றுகொண்டு சொல்வதை நான் பார்த்ததில்லை.

வருஷா வருஷம் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் நன்கொடை தருகிறேன். ஊருக்கு அது போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கெட்ட பெயர். நன்கொடை நல்லதுதான். கொடை விழாவில் அன்னதானம் நடக்கிறது, ஏழைப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது, யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் நான் கணக்கு எழுதிய ஒரு கடையில் ஒரு வருஷம் இப்படி நடந்தது: விழா நோட்டீசில் முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில், ஐம்பதாயிரம் ரூபாய் உபயம். அதே மாதம் கடைப் பையன்கள் எட்டுப் பேருக்குச் சம்பளம் இருபதாம் தேதி வரை வரவில்லை. அதில் ஒருவன் வட்டிக்கு வாங்கினான். பத்து வட்டி. வட்டிக்காரரும் அதே விழாவுக்கு உபயதாரர்.

சட்டம் பெரிய கம்பெனிகளைத்தான் சமூகப் பொறுப்புச் செலவு செய்யச் சொல்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனிதான் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். உங்களுக்கு அந்தக் கடமை கிடையாது. உங்கள் கடையில் இருந்து ஊருக்குப் போகிற பெரிய தொகை சம்பளம்தான், அதை ஒன்றாம் தேதி கொடுங்கள். அதற்குப் பிறகு மிச்சத்தில் நன்கொடை. இந்த வரிசையைத் திருப்பிப் போடும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

தொழில் வரி, சொத்து வரி எல்லாம் கட்டுகிறோமே, அது ஊருக்கு வருகிறதா?

வருகிறது. ஜிஎஸ்டி மாநிலத்துக்கும் டெல்லிக்கும் போகும். ஆனால் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிற தொழில் வரியும், கடைக் கட்டடத்துச் சொத்து வரியும், வியாபார உரிமக் கட்டணமும் உங்கள் ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோதான். நம் மாவட்டத்தில் சுமார் ஐம்பது பேரூராட்சிகள். பலவற்றில் சொந்த வருமானம் சொற்பம். கடைத்தெரு இருக்கிற பேரூராட்சியில் தெருவிளக்கு எரிவதும் ஓடை அடைப்பு எடுப்பதும் இந்தக் காசில்தான். ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு, "எங்கள் சந்தைக்குக் கழிப்பறை எங்கே?" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கட்டாமல் கேட்டால் எதிரே இருப்பவர் நம் பாக்கிப் பட்டியலை எடுத்து நீட்டிவிடுவார்.

பெரிய கடை ஒன்றுக்குச் சரக்கு கொடுத்தேன். அஞ்சு மாசமாகப் பணம் வரவில்லை. என்ன செய்ய?

சின்னத் தொழில்கள் நஷ்டத்தில் சாவதைவிட, விற்ற பணம் வராமல் சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வர வேண்டியது அஞ்சு மாதம் நின்றால் நீங்கள் எண்ணெய்க்காரருக்கு நிறுத்துவீர்கள், அவர் கொப்பரை கொடுத்தவருக்கு நிறுத்துவார். தெரு முழுக்க நின்றுபோகும்.

2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில், இருந்தால் அதில் சொன்ன நாளில், எப்படியானாலும் 45 நாளுக்கு மேல் போகாமல் குறு, சிறு தொழில்காரருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம், அது இந்தப் பாக்கித் தகராறுகளைப் பார்க்கும் மாநில அரசின் வசதி மன்றத்துக்குப் போகும். வருமான வரியிலும் 2023-24 நிதியாண்டிலிருந்து ஒரு பிடி வந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருஷம் வரும்வரை வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் பெரிய கடைகளின் ஆடிட்டர்கள் திடீரென்று பாசமாகப் போன் செய்வது இதனால்தான்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இந்தப் பாதுகாப்பு பொருள் செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கிற வியாபாரியும் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு) செய்யலாம், ஆனால் அவருக்கு அது வங்கிக் கடனுக்குத்தான் உதவும், இந்த 45 நாள் கணக்குக்கு உதவாது. இரண்டு, சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்திருந்தால் வழக்கு இழுபடாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். பாதிப் பேர் அதைப் பார்த்தே பணம் போட்டுவிடுகிறார்கள்.

சரி, பெரியவரோடு சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்று கேட்பீர்கள். வராமல் போகலாம். அதனால் நான் முதலில் புகார் போடச் சொல்வதில்லை. பாக்கிக் கணக்கை வட்டியோடு கூட்டி, சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, மரியாதையாக ஒரு கடிதம். பல முறை அதிலேயே முடிந்திருக்கிறது.

உத்யம் பதிவுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒரு பைசாவும் வேண்டாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், போனிலேயே செய்யலாம். அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட இணையதளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று பிடுங்குகின்றன. அதில் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்து வருத்தப்பட்டவர்கள் நிறைய.

புதிதாகத் தொடங்க மானியக் கடன் எது நல்லது?

ஆளைப் பொறுத்தது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கிராமத்தில் இருக்கும் ஒரு பெண் பத்து லட்ச ரூபாயில் மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ், அப்பளம் போடும் யூனிட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் பிஎம்இஜிபி என்ற மானியக் கடன் திட்டத்தில் அவர் கையிலிருந்து 5 சதவீதம், அதாவது ஐம்பதாயிரம். வங்கி ஒன்பதரை லட்சம் தரும். மானியம் 35 சதவீதம், மூன்றரை லட்சம். ஆனால் மானியம் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்று வருஷம் வைப்பாகக் கிடக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழிப்பார்கள். 'மானியம் வரும், அதில் மகள் கல்யாணம்' என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பொதுப் பிரிவு ஆண், நகரப் பகுதி என்றால் கைப்பணம் 10 சதவீதம், மானியம் 15 சதவீதம். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை இந்தத் திட்டம் உண்டு. ஏற்கெனவே நடக்கிற கடையைப் புதுசு என்று காட்டி வாங்க முடியாது. மாநில அரசில் படித்த வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டம், பெரிய முதலீட்டுக்கு 'நீட்ஸ்', பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியத்தோடு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனித்தனியாக இருக்கின்றன. விதிகள் அடிக்கடி மாறும். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். கூட்டம் குறைந்த மதியத்தில் போனால் பொறுமையாகச் சொல்வார்கள்.

சூப்பர் மார்க்கெட்டும் ஆன்லைனும் வந்துவிட்டன. மூலைக்கடைக்கு இனி என்ன வேலை?

விலையில் அவர்களோடு போட்டி போட முடியாது. அதை ஒத்துக்கொள்வோம். மூலைக்கடையின் பலம், கடனுக்குக் கொடுத்ததை எழுதி வைக்கும் பற்று நோட்டு.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத கடற்கரை ஊர்களின் துயரம் ஒரு பக்கம். உள்ளே ரப்பரும் வாழையும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல நாள் கரண்ட் இல்லை. ஏடிஎம் வேலை செய்யவில்லை, கார்டு தேய்க்க முடியவில்லை. ரப்பர் பால்வெட்டுக்காரருக்கு வெட்ட மரமே இல்லை. எங்கள் தெரு முனைக் கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டை விரித்து வைத்து அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்தார். யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை. யார் வீட்டில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். அந்த நோட்டில் சில பக்கங்கள் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கின்றன. 2020-இல் கொரோனா ஊரடங்கிலும் அதே நோட்டுதான்.

இதைக் காவியமாக்க வேண்டாம். பற்று நோட்டில் விலை கூட்டி எழுதுகிறவரும் உண்டு. பற்று வைத்தவன் வேறு கடைக்குப் போக முடியாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் ஒரு தெரு முழுகாமல் இருக்க இந்த நோட்டு உதவுவதைப் பார்த்தவன் நான்.

தொழிலால் ஊருக்குக் கெடுதலும் வருகிறதே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறேன். கயிறுக்காகக் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட குளத்துத் தண்ணீர் கறுத்து நாறும். ரப்பர் ஷீட் கழுவிய அமிலத் தண்ணீரை ஓடையில் விட்டால் கீழே இருக்கிறவர் குளிக்க முடியாது. செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, ஜல்லிக்கு உடைத்த பாறை, கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகள் விட்டுப்போகும் பிளாஸ்டிக் என்று பட்டியல் நீளம். வேலை தருகிறோம் என்பது இதற்கெல்லாம் பதிலாகாது. பாலைக் கறந்து ஷீட்டாக்கும் சிறு தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கழிவுநீர்த் தொட்டி கட்டினால் தனித்தனிச் செலவைவிடக் குறைவு. சேர்வதுதான் இங்கே கஷ்டம். எல்லை வேலியில் அரை அடிக்காகப் பதினைந்து வருஷம் கோர்ட்டுக்குப் போகிற ஊர் நம்முடையது.

வீட்டில் மீன் ஊறுகாய் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறேன். இதுவும் தொழிலா?

தொழில்தான் அக்கா. உணவுப் பாதுகாப்புப் பதிவு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன அளவுக்குக் கட்டணம் சொற்பம். தயாரித்த தேதியைப் பாட்டிலில் ஒட்டுங்கள். உங்கள் கூலியையும் விலையில் சேருங்கள். பெரும்பாலான பெண்கள் மீன், எண்ணெய், பாட்டில் என்று கூட்டிவிட்டுத் தங்கள் உழைப்பைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். மகளிர் குழுவில் இருந்தால் குழுவாகவே போடுங்கள், கண்காட்சிகளில் கடை கிடைக்கும்.

மகன் வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறான். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. என்ன தொழில் போடலாம்?

கல்யாண மண்டபம் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே கல்யாணங்களைவிட மண்டபங்கள் கூடுதல். அவன் அங்கே என்ன வேலை பார்த்தான் என்று கேளுங்கள். ஏசி மெக்கானிக் என்றால் ஏசி, பேக்கரி என்றால் பேக்கரி. பதினைந்து வருஷம் கற்ற கையை விட்டுவிட்டுத் தெரியாத தொழிலில் இறங்கியவர்களின் கணக்கை மூடிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. கூட ரெண்டு பையன்களுக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் அடுத்த விமானம் ஏறாமல் இங்கேயே இருப்பார்கள்.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

ஆதார், பான், வங்கிப் புத்தகம், போன வருஷத்து ரசீதுகள். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, மீன் வாடை அடித்தாலும் பரவாயில்லை. பற்று நோட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். உங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்குச் சந்தை நெரிசல். ஜிஎஸ்டிக் கெடு இருபதாம் தேதி, அதற்கு முந்தின நாலு நாளும் நான் யாரோடும் சரியாகப் பேச மாட்டேன்.